அப்பா தருவதா, பிள்ளை தருவதா?



ஒரு வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய். கீமோதெரபி ஒரு கட்டம் முடிந்திருக்கிறது. "அடுத்து ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போக வேண்டியிருக்கும். குடும்பத்தில் யார் கொடுக்க முடியும் என்று பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். அந்த அறையில் முதலில் எழுந்து நிற்பது யார்?

நம் வீடுகளில் பெரும்பாலும் பெரியவர்கள்தான். "என்கிட்ட எடுத்துக்குங்க டாக்டர், நான் வாழ்ந்து முடிச்சவன், சின்னப் பசங்களைத் தொட வேணாம்" என்பார் அப்பா. அம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரியண்ணன் வருவார், தாய்மாமன் வருவார். கல்லூரியில் படிக்கும் பையனோ, இப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்த பெண்ணோ "நான் தரேனே" என்று வாயைத் திறந்தால், "நீ சும்மா இரு" என்று அடக்கிவிடுவோம்.

அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கஷ்டம் என்று வந்தால் மூத்தவர்கள் முன்னால் நிற்பதும், பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திக்கொள்வதும் நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த வரிசை நோயாளிக்கு உதவாது. ஸ்டெம் செல் கொடுக்கிறவரின் வயது குறையக் குறைய, நோயாளி பிழைத்து எழும் வாய்ப்பு கூடுகிறது. இதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். ரத்தப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் இது தேவைப்படாது. சி.எம்.எல். என்ற நாள்பட்ட வகைக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம். குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகையில் பெரும்பாலான குழந்தைகள் கீமோவிலேயே குணமாகிவிடுகிறார்கள். மைலோமா என்ற இன்னொரு வகையில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து, பிறகு திருப்பி ஏற்றுவதுதான் வழக்கம். அங்கே டோனர், அதாவது செல் கொடுக்கும் இன்னொருவர், என்ற பேச்சே பெரும்பாலும் வராது. ஏ.எம்.எல். போன்ற வேகமான வகைகளில், நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் கணிக்கும்போதுதான் பெரும்பாலும் இன்னொருவரின் செல்லைத் தேடுகிறார்கள்.

அப்படி என்னதான் செய்கிறார்கள்? பலமான கீமோ கொடுத்து, சில சமயம் ரேடியேஷனும் சேர்த்து, நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்கிறார்கள். பிறகு டோனரிடமிருந்து எடுத்த, மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை, ரத்தம் ஏற்றுவது போலவே டிரிப்பில் ஏற்றுகிறார்கள். ஆபரேஷன் கிடையாது. உள்ளே போன செல்கள் தாமாகவே எலும்புக்குள் இடம் பிடித்து, சில வாரங்களில் புது ரத்தத்தை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். பாலில் விடும் உறைமோர் மாதிரிதான். கொஞ்சமாக விட்டது முழுவதையும் தன்னைப்போல மாற்றிவிடும். உறைமோர் எப்படியோ தயிரும் அப்படி. டோனரின் ரத்த குரூப் வேறாக இருந்தால், நாளடைவில் நோயாளியின் ரத்த குரூப்பே அதற்கு மாறிவிடுகிறது!

மனிதர்களுக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்த முடிவுகளை 1957-ல் வெளியிட்டவர் அமெரிக்க டாக்டர் டொனல் தாமஸ். அவருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983-ல் மும்பை டாடா மெமோரியலிலும், 1986-ல் நம் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கினார்கள். ஆக, இது நமக்குப் புதிய வைத்தியம் இல்லை. இங்கேயே நாற்பது வருட அனுபவம் இருக்கிறது.

டோனரைத் தேர்ந்தெடுக்க டாக்டர்கள் முதலில் பார்ப்பது எச்.எல்.ஏ. பொருத்தம். நம் செல்களின் மேல் இருக்கும் அடையாளக் குறிகள் அவை. அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி வருகிறது. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. நான்கு பேர் உடன்பிறந்திருந்தால் அவர்களில் ஒருவராவது பொருந்த 68 சதவீத வாய்ப்பு. இரண்டு பேர் என்றால் 44. ஒரே ஒரு தம்பியோ தங்கையோ என்றால் 25 சதவீதத்தோடு கணக்கு முடிந்தது.

இப்போது நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். பாட்டி வீட்டில் ஏழு பிள்ளைகள், அம்மா வீட்டில் நான்கு, நம் வீட்டில் இரண்டு, நம் பிள்ளைகள் வீட்டில் ஒன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.8. அண்ணன் தம்பி கூட்டம் இருந்த காலத்தில் வீட்டுக்குள்ளேயே பொருத்தம் தேட முடிந்தது. ஒற்றைப் பிள்ளையாக வளரும் தலைமுறைக்கு அந்தக் கதவு பிறக்கும்போதே மூடியிருக்கிறது. வெளியே யாரோ ஒரு முகம் தெரியாத மனிதரைத் தேடித்தான் போக வேண்டும்.

சரி, பொருந்துகிறவர் கிடைத்துவிட்டார். பிறகு வயதை ஏன் பார்க்க வேண்டும்?

2001-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உறவினர் அல்லாத டோனர்களிடமிருந்து மஜ்ஜை பெற்ற 6,978 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். டோனர் 30 வயதுக்குள் இருந்தபோது ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 33 சதவீதம். 31 முதல் 45 வயது டோனர் என்றால் 29. 45-ஐத் தாண்டியவர் என்றால் 25. இவை 1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும் நடந்த சிகிச்சைகள். மருந்துகளும் பொருத்தம் பார்க்கும் முறையும் அதன் பிறகு நன்றாகவே முன்னேறிவிட்டன, அதனால் அந்த எண்களை இன்றைய நோயாளிக்கு அப்படியே வைத்துப் பார்க்காதீர்கள். ஆனால் டோனர் ஆணா பெண்ணா, என்ன இனம், ரத்த குரூப் ஒன்றா வேறா என்று எத்தனையோ விஷயங்களை அலசியும், உயிர் பிழைப்பதோடு உறுதியாகச் சேர்ந்து வந்தது டோனரின் வயது ஒன்றுதான்.

2016-ல் வந்த அடுத்த ஆய்வும் அதையே சொன்னது. டோனரின் வயது பத்து வருடம் கூடும்போதெல்லாம், நோயாளி இறந்துபோகும் ஆபத்து முன்பிருந்ததைவிட 5.5 சதவீதம் ஏறுகிறது. கேட்பதற்குச் சின்ன எண்தான். இருபது வயதுக்காரருக்குப் பதில் ஐம்பது வயதுக்காரர் கொடுத்தால் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 17 சதவீதம் ஆகிறது. நோயின் வகையை நாம் மாற்ற முடியாது. நோயாளியின் வயதை மாற்ற முடியாது. யாரிடமிருந்து எடுப்பது என்பது மட்டும் ஓரளவுக்கு நம் கையில் இருக்கிறது. அதில் 17 சதவீதம் என்றால் சும்மாவா?

காரணம் என்ன? மற்ற உறுப்புகளைப் போலவே மஜ்ஜைக்கும் வயதாகிறது. ஸ்டெம் செல்கள் வாழ்நாள் முழுக்கப் பிரிந்து பிரிந்து பெருகுவதில், மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அப்படிப் பிழை விழுந்த ஒரு செல்லின் வாரிசுகள் ரத்தத்தில் பெருகியிருப்பதை 2014-ல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. 50 வயதுக்குள் இருப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கு இப்படி இருக்கும். 65-ஐத் தாண்டினால் பத்தில் ஒருவருக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் எந்த நோயும் வராது. ஆனால் அந்தச் செல்லை இன்னொருவர் உடம்பில் புது ரத்தம் உருவாக்க ஏற்றும்போது டாக்டர்கள் யோசிக்கத்தானே செய்வார்கள்? வயது ஏற ஏற, ஒரே தடவையில் எடுக்கக் கிடைக்கும் ஸ்டெம் செல்களின் அளவும் குறைகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டோனரின் நோய் எதிர்ப்புச் செல்கள் நோயாளியின் உடம்புக்குள் போய், ஒளிந்திருக்கும் மிச்சப் புற்றுநோய்ச் செல்களைத் தேடி அழிக்கின்றன. இந்தச் சிகிச்சையின் பெரிய பலமே அதுதான். சில சமயம் அதே செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று நினைத்துத் தாக்கிவிடும். ஜி.வி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சிலரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடப் படுத்தி எடுத்துவிடும். டோனருக்கு வயது கூடினால் இந்தத் தொந்தரவும் கூடுவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. பல பிரசவங்களைக் கண்ட பெண்கள் கொடுக்கும்போதும் நாள்பட்ட ஜி.வி.எச்.டி. சற்று அதிகம். கர்ப்ப காலத்தில் அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் குழந்தையின் வழியாக வேறு அடையாளங்களைப் பழகியிருப்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். முதலில் ஓடி வந்த அம்மாவை டாக்டர் ஒதுக்கினால், அம்மாக்களே, தயவுசெய்து மனம் வருந்தாதீர்கள்.

இனி, நம் வீடுகளில் அதிகம் நடக்கக்கூடிய நிலைமைக்கு வருகிறேன். நோயாளிக்கு வயது 60. ஏ.எம்.எல். போன்றவை வயதானவர்களுக்குத்தான் அதிகம் வருகின்றன. 60 வயதுக்காரரின் அண்ணனுக்கு 64 இருக்கும், தங்கைக்கு 57 இருக்கும். அண்ணன் முழுப் பொருத்தம் என்றே வைத்துக்கொள்வோம். செல் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர்களை வைத்திருக்கும் பதிவேட்டில் அதே பொருத்தமுள்ள 25 வயது இளைஞர் ஒருவரும் இருக்கிறார். யாரைத் தேர்ந்தெடுப்பது?

"சொந்த ரத்தம் இருக்க, யாரோ ஒருவரா?" என்றுதான் நமக்குத் தோன்றும். உடன்பிறந்தவருக்கே முதலிடம் என்பதுதான் டாக்டர்களின் நெடுநாள் வழக்கமும். இப்போது அவர்களே அதை மறுபடி யோசிக்கிறார்கள். மைலோடிஸ்பிளாசியா என்று ஒரு மஜ்ஜைக் கோளாறு உண்டு. பலருக்கு அது ரத்தப் புற்றுநோயாக முற்றிவிடும். அந்த நோயாளிகளில், 50 வயதைத் தாண்டிய உடன்பிறந்தவரிடம் வாங்கியவர்களையும், 35 வயதுக்கு உட்பட்ட வெளியாரிடம் வாங்கியவர்களையும் ஒப்பிட்டு 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. இளைய வெளியாரிடம் வாங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. நோயில்லாமல் வாழ்ந்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள். எல்லா வகை ரத்தப் புற்றுநோய்க்கும் இப்படி ஒரே தீர்ப்பு வந்துவிடவில்லை. உடன்பிறந்தவரிடம் வாங்குவதில் ஜி.வி.எச்.டி. குறைவு என்ற லாபம் உண்டு, ஆளைத் தேடி அலையும் நேரமும் மிச்சம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

முழுப் பொருத்தம் யாருமே இல்லையென்றால்? அதற்கும் வழி பிறந்திருக்கிறது. பாதிப் பொருத்தம் போதும் என்ற முறையை அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் பக்குவப்படுத்தினார்கள். செல்களை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய, விலை மலிவான மருந்தைக் கொடுத்து, தாக்க வரும் செல்களை அடக்கிவிடுகிறார்கள். பெற்ற அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருமே குறைந்தது பாதிப் பொருத்தம்தான். அப்படியானால் டோனர் கிடைக்காத வீடே அநேகமாக இல்லை என்றாகிறது. ஆனால் இங்கேயும் வயது வந்து நிற்கிறது. 58 வயது அப்பாவுக்கு 80 வயது தாத்தா தர முடியாது. 27 வயது மகன் தரலாம், மகள் தரலாம். "எனக்காக என் பிள்ளை படுக்கையில் படுக்கணுமா" என்று அந்த அப்பா மறுக்கிற இடத்தில்தான் குடும்பம் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், நம் ஊருக்கே உரியது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில், பெற்றோரோ மாமன் மகனோ அத்தை மகளோ முழுப் பொருத்தமாக அமைவது மற்ற குடும்பங்களைவிட அதிகம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். உலகப் பதிவேடுகளில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய இந்தியாவிலிருந்து அதில் இருப்பது சில லட்சம் பேர். எச்.எல்.ஏ. அடையாளங்கள் வம்சாவளியாக வருகின்றன. ஜெர்மனியில் எத்தனை லட்சம் பேர் பதிந்திருந்தாலும், மதுரையில் படுத்திருக்கும் ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறவர் பெரும்பாலும் நம் மண்ணின் வழிவந்தவராகத்தான் இருப்பார். அவர் கோவையில் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், டொரண்டோவிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்க்கலாம். பெயர் கொடுத்திருந்தால்தானே கண்டுபிடிக்க முடியும்?

லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், அரிய நோயோடு பிறந்த தன் மகன் அந்தோணிக்காக 1974-ல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். பொருத்தம் கிடைக்காமலே 1979-ல், ஏழு வயதில், அந்தப் பிள்ளை போய்விட்டான். அவன் பெயரில் அந்தப் பதிவேடு இன்றும் நடக்கிறது. புதிதாகச் சேர அங்கே வைத்திருக்கும் வயது 16 முதல் 30 வரை. முப்பதைத் தாண்டியவர்கள் கெட்ட மனிதர்கள் என்றா? டாக்டர்கள் கேட்பது இளைஞர்களை என்பதால். நம் நாட்டில் 18 வயதில் சேரலாம். ஐம்பதை ஒட்டிய வயது வரைகூட ஏற்றுக்கொள்கிறார்கள். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் இருக்கின்றன. ஒரு படிவத்தை நிரப்பி, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் பதிவு முடிந்தது. பதிகிற பலருக்கு வாழ்நாளில் ஒரு அழைப்புகூட வராமல் போகலாம்.

வந்தால்? இங்கேதான் வீடுகள் பயப்படுகின்றன. "முதுகெலும்பில் ஊசி போட்டு எடுப்பாங்களாமே?" இல்லை. முதுகெலும்பைத் தொடுவதே கிடையாது. பெரும்பாலும் கையில் ரத்தம் எடுப்பது போலத்தான். நான்கைந்து நாட்கள் ஒரு ஊசி போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வந்து சேரும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். சில மணி நேரம் ஆகும். அந்த ஊசி நாட்களில் எலும்பு வலி, தலைவலி வரும். சிலருக்குக் காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஊசி நின்றதும் சில நாட்களில் சரியாகிவிடும். சில நோயாளிகளுக்காக மட்டும், டோனருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையே எடுப்பார்கள். சில நாள் இடுப்பு வலிக்கும். கொடுத்த செல்கள் சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும். பெரிய சிக்கல்கள் மிக மிக அரிது. அதையும் முன்கூட்டியே விளக்கி, முழு உடல் பரிசோதனை செய்த பிறகுதான் எடுப்பார்கள்.

"பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணும், குழந்தை பிறக்கணும்." இந்தக் கவலை நியாயமானதுதான், ஒரு தாய்க்கு இல்லாமல் யாருக்கு இருக்கும்? ஆனால் ஸ்டெம் செல் கொடுப்பதால் குழந்தைப் பேறு பாதிக்கப்படுவதாக எந்தச் சான்றும் இல்லை. கர்ப்பமாக இருக்கும் பெண்ணிடம் எடுக்கவும் மாட்டார்கள்.

இதைவிட நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. கேம்பஸில் நண்பர்களோடு உற்சாகமாகப் பதிந்துவிட்டு, நிஜமாக அழைப்பு வரும்போது "வீட்டில் வேண்டாங்கிறாங்க" என்று பின்வாங்குவது. அந்த ஒரு வார்த்தையில் நோயாளியின் பல வாரங்கள் வீணாகிவிடும். கடைசி நேரத்தில், அவருடைய மஜ்ஜையை அழிக்கும் கீமோ தொடங்கிய பிறகு மறுத்தால், அவர் உயிருக்கே ஆபத்து. ஆகையால் பிள்ளைகளே, பதிவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். அப்பா, அம்மா, முடிந்தால் தாத்தா பாட்டியையும் உட்கார வைத்து. மனம் ஒப்பவில்லை என்றால் பதியாமல் இருப்பதில் ஒரு தவறும் இல்லை.

பெற்றோரே, நீங்கள் கேள்வி கேளுங்கள், கூடவே போய் டாக்டரிடம் பேசுங்கள். 21 வயது மகள் தீர்மானமாக இருந்தால் அவளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். "எங்களுக்கு வயதாகிவிட்டது, நாங்கள் என்ன செய்வது" என்று கேட்கிறீர்களா? மாற்று சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கு வாரக்கணக்கில் ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்ற வேண்டியிருக்கும். ஆரோக்கியமாக இருந்தால் 65 வயது வரை ரத்தம் கொடுக்கலாம்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, "நம் டோனருக்கு 52 வயதாயிற்றே" என்று கலங்க வேண்டாம். நோய் எந்த நிலையில் இருக்கிறது, பொருத்தம் எப்படி, நோயாளியின் உடல் தாங்குமா, காலதாமதம் இல்லாமல் நடக்கிறதா என்பவையெல்லாம் வயதைவிடக் கனமாக நிற்கக்கூடியவை. ஐம்பதைத் தாண்டிய டோனர்களிடம் வாங்கி, நன்றாக வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். அண்ணன்தான் இருக்கிறார் என்றால் அண்ணனே கொடுக்கட்டும். இன்னொருவரைத் தேடி நோய் திரும்பும்வரை காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. டாக்டரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள்: "எங்கள் வீட்டுச் சின்னவர்களையும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீர்களா?"

பதிவு செய்திருக்கும் வாசகர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். செல்போன் நம்பரோ வீட்டு விலாசமோ மாறியிருந்தால், எங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் பதிவேட்டுக்காரர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்